சிவஞானம் குடியை விட்ட கதை

"ஐயா, நீங்க எப்பவாச்சும் குடிச்சுப் பாத்திருக்கீங்களா?"

ரத்தோட்டை மதுவிலக்குக் கூட்டத்தில் பின்வரிசையிலிருந்து ஒருவன் இப்படிக் கேட்டபோது, மேடையில் பேசிக்கொண்டிருந்த சிவஞானம் நெஞ்சை நிமிர்த்தி, "ஒரு சொட்டுக்கூட இல்லை" என்றார்.

"அப்ப அது கெட்டதுன்னு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

கூட்டம் சிரித்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சங்கத் தலைவரும் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

சிவஞானம் மாத்தளை நகரில் பாத்திரக்கடை வைத்திருந்தார். குடத்தைத் தட்டிப் பார்த்து வாங்குகிற சனம் பேச்சையும் தட்டிப் பார்க்கும் என்று அவர் நினைத்ததில்லை. அடுத்த கூட்டம் உக்குவளையில். அங்கேயும் இதே கதி என்றால் நோட்டீசில் இனி அவர் பெயர் வராது. பக்கத்துத் துணிக்கடை நுஹ்மான் நானாவிடம் போய் முறையிட்டார்.

"தம்பி, நான் ஒண்டு செல்லுறேன் கேளுங்க," என்றார் நானா. "இந்தத் துணி சாயம் போகாதுண்டு நான் ஆயிரம் தரம் செல்லுவேன். ஒருத்தரும் நம்ப மாட்டாங்க. நான் உடுத்தியிருக்கிற சாரத்தைக் காட்டி, இதும் அதே துணிதான், மூணு வருசமா உடுத்துறேண்டு செல்லுவேன். உடனே அந்தத் துணிய வெட்டித் தரச் செல்லுவாங்க."

"அது மூணு வருசச் சாரமா நானா?"

"போன மாசம் எடுத்தது. அதையா கேட்டாங்க? பட்டவன் பேச்சுத்தான் எடுபடும். நீங்களும் கொஞ்சம் பட்டவரா மாறுங்க."

உக்குவளையில் சிவஞானம் பட்டவராக மாறினார். கொஞ்சமாக மாறத்தான் நினைத்திருந்தார். ஆனால், "நானும் ஒரு காலத்தில் பெருங்குடிகாரன்" என்றதுமே முன்வரிசையில் ஒரு பெண், "ஐயோ பாவம்!" என்று கன்னத்தில் கைவைத்துவிட்டாள். அப்புறம் நாக்கு தன் பாட்டுக்கு ஓடத் தொடங்கிவிட்டது. விடிந்ததும் குடித்தாராம். கடைப் பாத்திரத்தை விற்றுக் குடித்தாராம். சோறாக்கும் பானையை விற்றுக் குடித்தாராம். கடைசியில் பெண்டாட்டி தாலியையும் விற்றாராம். ஒருநாள் சாக்கடைக் கானுக்குள் கிடந்தவர் கண்ணைத் திறந்தபோது, எட்டிப் பார்த்த நாயும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனதாம். அன்றோடு விட்டாராம்.

சனம் விம்மி அழுதது. இரண்டு தோட்டத் தொழிலாளிகள் மேடைக்கே ஏறி வந்து, இனித் தொடுவதில்லை என்று சத்தியம் செய்தார்கள். தலைவர் தன் கழுத்து மாலையைக் கழற்றி இவருக்குப் போட்டார்.

மாலையோடு வீடு வந்தால் மனைவி அழகாயி வாசலில் நின்றாள். பேச்சு அவருக்கு முந்திய பஸ்ஸில் வந்து சேர்ந்திருந்தது.

"என் தாலிய எப்ப வித்தீங்க?"

"சும்மா பேச்சுக்கு அழகாயி. அதுதான் உன் கழுத்தில இருக்கே."

"'பரவாயில்லயே, மீட்டுக் குடுத்துட்டாரே'ன்னு பக்கத்து வீட்டுக்காரி சொல்லுறா. வீட்டுல கல்யாணத்துக்குப் பொண்ணு இருக்குன்னு நெனப்பு இருக்கா உங்களுக்கு?"

நினைப்பு அப்போதுதான் வந்தது. மகள் சரோஜாதேவிக்கு நாவுலயில் ஒரு நல்ல இடம் பார்த்து, தரகர் பொன்னையா மூலம் ஜாதகம் கொடுத்து மாதக்கணக்காகிவிட்டது. அவர்களிடமிருந்து ஒரு பதிலும் இல்லை. மறுநாள் காலையில் அந்தப் பொன்னையா மூச்சு வாங்க ஓடி வந்தார்.

"முதலாளி, நாவுலக்காரங்க ஞாயித்துக்கிழமை பொண்ணு பாக்க வாறாங்க!"

உக்குவளைக் கதை அவர்கள் காதில் விழுந்தால் சம்பந்தம் முறிந்துவிடும். குடிகாரன் மகள் என்ற பெயர் அந்தப் பிள்ளைக்கு ஆயுசுக்கும் போகாது. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்த மகளின் முகத்தை அவரால் பார்க்க முடியவில்லை.

உடனே சந்தைக்குப் போய், கண்டவரிடமெல்லாம் உண்மையைச் சொல்லத் தொடங்கினார்.

"நான் குடிச்சதே இல்லீங்க."

"வெக்கப்படாதீங்க முதலாளி," என்றார் மரக்கறிக் கடைக்காரர். "விட்டவங்க எல்லாரும் இப்பிடித்தான் சொல்லுவாங்க. எங்க மச்சானும் இதையேதான் சொன்னாரு."

"சத்தியமா இல்லீங்க!"

"அவரும் சத்தியம் பண்ணினாருங்க."

சிவஞானத்துக்கு அழுகை வந்தது. கூசாமல் சொன்ன பொய்யைக் கும்பிட்டு நம்பிய சனம், நெஞ்சைத் தொட்டுச் சொன்ன உண்மையை நம்ப மாட்டேன் என்கிறது. பட்டவன் பேச்சுத்தானே எடுபடும்? அப்படியானால் அவர் குடிக்காததைச் சொல்லத் தகுந்தவன் ஊரில் ஒருத்தன்தான் இருந்தான். சாராயத் தவறணை நடத்தும் லெட்சுமணன்.

பட்டப்பகலில் தவறணைக்குள் போய், அவன் கையைப் பிடித்துக் கெஞ்சினார். அவன் சாட்சி சொல்ல ஒத்துக்கொண்டான். சந்தோசமாக வெளியே வந்தால், எதிரே மதுவிலக்குச் சங்கத் தலைவர் நின்றார்.

"சிவஞானம்! மறுபடியுமா?"

"ஐயா, நான் ஒரு சாட்சிக்காக..."

"எங்க, ஊதுங்க பாப்போம்."

ஊதினார். வெற்றிலையோடு கராம்பு மெல்லுவது அவர் வழக்கம்.

"வாசம் தெரியக்கூடாதுன்னு கராம்பு வேற!" என்று தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை நாவுலயிலிருந்து மாப்பிள்ளையின் அப்பாவும் தாய்மாமனும் அத்தையும் வந்தார்கள். மாப்பிள்ளைக்கு உடம்பு சுகமில்லையாம். சரோஜாதேவி பலகாரத் தட்டை வைத்துக் கும்பிட்டுவிட்டு உள்ளே போனாள். அவளை ஒருவரும் சரியாகக்கூடப் பார்க்கவில்லை. எல்லாருடைய கண்ணும் சிவஞானத்தின் மேலேயே இருந்தது.

"உக்குவளையில பேசினது நீங்கதானுங்களே?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

போச்சு! சிவஞானம் எழுந்து போய், சாமி படத்துக்கு முன்னால் கற்பூரத்தை ஏற்றினார்.

"அன்னைக்குப் பேசினது அத்தனையும் பொய்ங்க. பொறந்ததிலேருந்து ஒரு சொட்டுத் தொட்டதில்ல" என்று கையால் கற்பூரத்தை அணைத்தார். அழகாயி தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றி, அது கழுத்தை விட்டு இறங்கியதே இல்லை என்று சத்தியம் செய்தாள். அறைக்குள் காத்திருந்த லெட்சுமணன் வெள்ளை வேட்டியும் நெற்றி நிறையத் திருநீறுமாக வெளியே வந்தான்.

"நான் தவறணை நடத்துறவன். இத்தன வருசத்தில இவரு ஒரு கிளாஸ் வாங்கினதில்லீங்க. எல்லாரும் இவர மாதிரி இருந்தா நான் கடையப் பூட்டிட்டுப் போக வேண்டியதுதான்."

அதை அவன் சொன்ன வருத்தத்தில் பொய் இருக்க முடியாது. வந்தவர்கள் நம்பிவிட்டார்கள், அது அவர்கள் முகத்திலேயே தெரிந்தது. மகள் தப்பித்தாள் என்று சிவஞானத்துக்கு உயிர் வந்தது.

மாப்பிள்ளையின் அப்பா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். தாய்மாமனும் எழுந்தார்.

"என்னங்க இது, ஒரு வாய் பலகாரம்கூடச் சாப்பிடாம..." என்று சிவஞானம் பதறினார்.

மூலையில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் அத்தை, மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னாள்:

"குடிய விட்ட மனுசன் மாமனாரா வாய்ச்சா எங்க பயலையும் திருத்திப்புடுவாருன்னு நம்பித்தானே பஸ் ஏறி வந்தோம்!"