ரயில் மேட்டு விறகு

மனைவி ரத்னாவை வேலைக்கு அனுப்புவதில்லை என்று பூவராகவன் முடிவு கட்டிவிட்டான். ஆனால் அதைத் தன் வாயால் சொல்லிக் கெட்ட பெயர் வாங்குவானா?

எழுபத்தைந்தாம் வருஷம், கும்மிடிப்பூண்டியில் அவன் சாணை பிடிக்கிற கம்பெனியில் பேக்கிங்குக்குப் பெண்களை எடுத்தார்கள். ரத்னாவையும் சேர்த்துத் தெருவில் பதினோரு பேருக்கு ஆர்டர் வந்தது. அடுத்த மாதம் ஒன்றாம் தேதி சேர வேண்டும்.

"தாராளமா போ ரத்னா. ஏழு மணி சங்குக்குள்ள கேட்டாண்ட நிக்கணும். அவ்ளோதான்."

"மொத பஸ்ஸே ஏழரைக்குத்தானே வருது? உங்க சைக்கிள்ல பின்னால..."

"பொண்டாட்டிய ஏத்திக்கினு போனா கம்பெனில சிரிப்பாங்க. நடந்து போ. ஏரியச் சுத்தி நாலே மைலு."

ரத்னா சோறு போட எழுந்தாள். அன்றைக்கு அவன் இரண்டு கரண்டி சோறு கூடவே தின்றான்.

மறுநாள் அவள் வேறு பேச்செடுத்தாள். "வெறகு இல்லீங்க. தண்டவாளத்தப் பேத்துக்கினு போன பழைய ரயில் மேட்டுல முள்ளு மண்டிக் கெடக்குது. வெட்டலாம்னா கத்தி மொண்ணை."

மொண்ணையா? அவன் வீட்டிலா? பிடுங்கித் தீட்டிக் கொடுத்தான். மறுநாளே மேலும் பத்துக் கத்தி வாசலில் நின்றது.

"தம்பி கை பட்டா முள்ளு வாழத்தண்டாட்டம் வெட்டுப்படுது," என்றாள் எதிர்வீட்டுக் கெங்கம்மாள். அவன் இன்னும் தீட்டினான்.

கொல்லையில் விறகு கூரையைத் தொட்டது. விறகுக்குப் போகிறவர்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக வெட்டுவார்கள். இவர்கள் நேர்கோட்டில் வெட்டிக்கொண்டே போனார்கள். அதை அவன் யோசிக்கவில்லை.

"பாலம் இருந்த எடத்துல ஓடை ஓடுதுங்க," என்றாள் ரத்னா. "வெறகுக் கட்டோட தாண்ட முடியல. ஆம்பள கை வேணும்."

ஞாயிறு முழுக்க இரண்டு பனைமரத்தை இழுத்துப் போட்டு, மண் கொட்டி, மேலே ஏறிக் குதித்துப் பார்த்தான். "யானையே போகலாம்," என்றான்.

போனது யானை இல்லை. ஒன்றாம் தேதி விடியலில் கஞ்சியை மூடி வைத்துவிட்டு ரத்னா கிளம்பியிருந்தாள். அவன் ஏரியைச் சுற்றி மிதித்தான். கூட்ஸ் வண்டிக்காக லெவல் கிராசிங்கை மூடிவிட்டார்கள். அங்கே நிற்கும்போதே சங்கு ஊதியது.

"லேட்டு, வெளியே நில்லு," என்றான் வாட்ச்மேன் ஜெயராஜ். "உன் சம்சாரம் ஆறே முக்காலுக்கே வந்தாச்சு. ஏரிக்குக் குறுக்கால ரயில் மேட்டு மேல ஒண்ணர மைலுதானாம். பதினோரு பேரும் ஜம்முனு வந்தாங்க."

கம்பி வழியாகப் பார்த்தான். உள்ளே கெங்கம்மாள் கையாட்டினாள்.

சாயங்காலம் குரலைத் தாழ்த்திக் கேட்டான். "நாளைக்கு நானும் அந்த வழியா வரட்டா?"

"வாங்க," என்றாள் ரத்னா. "ஆனா சைக்கிள தள்ளிக்கினு எங்க பின்னாலதான் வரணும். பொம்பளைங்க நடக்குற வழி."