காலுக்கு ஒரு கால்

திறப்பு விழாவுக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருபது நிமிடம். ஆற்றங்கரைப் பூங்காவின் நடைபாதையில், புதுப் பலகைக்கு முன்னால் வழிகாட்டிப் பெண் நின்றாள்.

‘மன்னர் கால் பட்ட இடம்’ என்று எழுதிக் கொடுத்திருந்தாள். பலகையில் இருந்தது, ‘மன்னர் கல் பட்ட இடம்’.

அவள் வேலை நிரந்தரமாவது இன்று அதிகாரி எழுதப்போகும் ஒரு வரியில் இருந்தது. பெயின்டரை போனில் பிடித்தாள்.

"அண்ணே, ஒரு கால் போயிடுச்சு!"

"ஐயையோ, யாருக்கும்மா? எந்த ஆஸ்பத்திரி?"

"காலுக்குண்ணே! கானாவுக்குப் பக்கத்துல போடுற கால்!"

"நான் சரியாத்தான் எழுதியிருக்கேன். வரேன்."

கறுப்பு டேப்பில் ஒரு கால் வெட்டி ஒட்டினாள். பனி ஈரத்தில் அது வழுக்கி விழுந்தது. துண்டைப் போட்டுப் பலகையை மூடினாள். மூடியதால்தான் எல்லோரும் திறந்து பார்த்தார்கள்.

முதலில் வந்தது, சுற்றுலா வந்து பூங்காவில் கூடாரம் போட்டுத் தங்கியிருந்த ஒரு அம்மாள். வாயில் பல் துலக்கும் பிரஷ்.

"ராஜாவையே கல்லால அடிச்சாங்களா? யாரும்மா?"

வழிகாட்டி வாய்க்கு வந்ததைச் சொன்னாள். "ஒரு... படகுக்காரியம்மா."

"எதுக்கு?"

"நடு ஆத்துல எழுந்து நின்னு படகை ஆட்டினாராம். கரைக்கு வந்ததும் கல்லால போட்டுட்டாங்க."

"அதானே! எங்க வீட்டுக்காரருக்கும் அதே புத்தி."

அரை மணியில் கூடாரங்கள் காலி. எந்தக் கல் என்று கேட்டார்கள். அருகில் கிடந்த ஒன்றைக் காட்டினாள். அதோடு போட்டோ எடுக்க வரிசை நின்றது.

அதிகாரி வந்தார். படித்தார். "கல்லா?"

அவள் துண்டைத் தேடினாள். அதற்குள் பிரஷ் அம்மாள் படகு ஆடியதை ஆடியே காட்டிவிட்டாள். அதிகாரி கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"இருபது வருஷமா பலகை திறக்கிறேன்மா. ஜனங்க நின்னு படிச்சு இன்னிக்குத்தான் பாக்குறேன்."

நிரந்தரம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

தூரத்தில் பெயின்டர், கையில் தூரிகையோடு. அவள் ஓடினாள்.

"அண்ணே, தயவுசெஞ்சு கால் போட்டுடாதீங்க!"

"நான் எதுக்கும்மா கால் போடறேன்? கல்லெறிஞ்சவ பேரு விட்டுப்போச்சு, எழுத வந்தேன். எங்க பூட்டிதான், படகு ஓட்டினவ."