பின்கண்ணாரும் பச்சை ஒயரும்

அந்தத் தெருவில் கார் உதிரிப் பொருள் கடைகள் பதினொன்று. பத்துக் கடைக்காரர்கள் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். பதினோராவது கடை வாசலில் மட்டும் கார்கள் தெருமுனைவரை வரிசைகட்டி நின்றன. எல்லாம் அந்தக் கடைக்காரர் பின்கண்ணாரின் மகிமை.

எதிர்காலம் சொல்ல ஊருக்கு நூறு பேர் இருக்கிறார்கள். பின்கண்ணார் அந்தப் பக்கமே போகவில்லை. உங்களுக்குப் பின்னால் நிற்பதைச் சொல்வார். காரின் பின்புறம் ஒரு கேமரா, ஸ்டீயரிங் பக்கத்தில் ஒரு சின்னத் திரை. ரிவர்ஸ் கியர் போட்டால் பின்னால் இருப்பது திரையில் தெரியும். மற்றவர்கள் இதைச் சுவரில் இடிக்காமலிருக்கப் பொருத்துகிறார்கள். இவர் கடையில் அதில் விதி தெரிந்தது.

திரையில் மூன்று கோடுகள் வரும். பச்சை என்றால் ஆயுள், மஞ்சள் என்றால் ஆரோக்கியம், சிவப்பு என்றால் கண்டம். சிவப்புக் கோடு இல்லாத கார் இன்றுவரை ஒன்றுகூட வந்ததில்லை. பாவம், ஊரில் அத்தனை பேருக்கும் கண்டம். எதிர்க்கடைப் பெயர்ப்பலகை திரையில் திரும்பித் தெரிந்தால் விதி புரண்டு கிடக்கிறதாம். அதுவும் எல்லாருக்கும் புரண்டுதான் கிடந்தது. காணிக்கையை வைத்தால் காரைக் கறுப்புத் துணிக்குப் பின்னால் கொண்டுபோவார். கால் மணி நேரத்தில் சிவப்புக் கோடு மாயம், பலகை எழுத்தும் நேர். பார்த்தவர்கள் கண்ணீர்விட்டார்கள்.

அப்படிப் பரிகாரம் முடிந்த கார்கள் வீட்டுக்குப் போய், இடப்பக்கம் என்று நினைத்து வலப்பக்கச் சுவரில் முட்டின. முட்டியவர்கள் சண்டைக்கு வரவில்லை, நன்றி சொல்ல வந்தார்கள். "பெரிசா வர இருந்தது பம்பரோட போயிடுச்சுங்க." நசுங்கிய பம்பரை நிமிர்த்தும் பட்டறை பக்கத்துக் கட்டடம்தான். பட்டறைக்காரர் பின்கண்ணாரின் மைத்துனர்.

இந்தக் கூட்டத்தில் ஓர் இயற்பியல் வாத்தியாரும் நின்றார் என்று சொல்லத் தையல்காரிக்கு வெட்கமாக இருந்தது. அவர் அவளுடைய கணவர்.

வாத்தியாருக்குக் கழுத்து திரும்பாது. அதனால் கேமரா தேவைதான். எத்தனை டிகிரி பார்க்கும், இருட்டில் தெரியுமா, நம்பர் பலகைக்கு மேலா கீழா என்று இரண்டு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் பின்கண்ணாரிடம் போய் விழுந்தார். கேமரா மாட்டி ரிவர்ஸ் போட்டபோது, "வாங்க, வாங்க" என்று தையல்காரி பின்னால் நின்று வலது கையை ஆட்டினாள். திரையில் இடது கை ஆடியது. சிவப்புக் கோடு அவள் காலை வெட்டிக்கொண்டு போனது.

பின்கண்ணார் கண்ணை மூடினார். "யார் இந்தம்மா?"

"என் சம்சாரங்க."

"சிவப்புல நிக்கிறாங்க. கையும் மாறியிருக்கு. மூணு மாசம் தாய்வீட்டுக்கு அனுப்பிட்டு அப்புறம் காரைக் கொண்டாங்க. இல்லேன்னா உங்க உசுருக்கு நான் பொறுப்பில்லை."

அன்று மாலை கட்டில்மேல் அவள் பெட்டி திறந்து கிடந்தது. வாத்தியார் அவள் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"என்னங்க இது?"

"மூணே மாசம்தான். உங்கம்மாகிட்ட பேசிட்டேன்."

"பதினாறு வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கேன். ஒரு கோட்டைப் பார்த்துட்டு வெளியே அனுப்பறீங்களா?"

"கையே மாறித் தெரிஞ்சுதே. என் கண்ணால பார்த்தேன்."

"கண்ணாடியில அப்படித்தான் தெரியும்னு பசங்களைப் பத்துத் தடவை எழுத வைப்பீங்களே, அதுக்கு என்னமோ பேருகூட உண்டே?"

"இடவல மாற்றம். அது பாடம். இது வாழ்க்கை."

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஒரு ராத்திரி விடிந்தால் வீடு அவளுடையதில்லை. தையல் சாமான்களை எதில் போடுவது என்று தேடியபோது கேமரா வந்த அட்டைப்பெட்டி கண்ணில் பட்டது. அடியில் ஒரு காகிதம், மடிப்புக்கூடக் கலையாமல் இருந்தது. அதில் கேமரா ஒயர், ஒயரிலிருந்து பச்சையும் வெள்ளையுமாகத் தொங்கும் இரண்டு சின்ன வளையங்கள், பக்கத்தில் கத்தரிக்கோல் படம். கத்தரிக்கோல் படத்துக்குத் தையல்காரியிடம் யாரும் பொருள் சொல்ல வேண்டியதில்லை. கீழே இருந்ததை இரண்டு முறை படித்தாள். பிறகு கட்டில்மேல் உட்கார்ந்து விக்கல் எடுக்கும்வரை சிரித்தாள். வாத்தியார் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

மறுநாள் காலை பெட்டியும் கையுமாக அவரையே காரோட்டச் சொல்லிக் கடைக்குப் போனாள். நல்ல கூட்டம்.

"ஐயா, கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு சந்தேகம். இந்தக் கோடு கேமராவில இருக்கா, எங்க விதியில இருக்கா?"

"விதியிலம்மா. கேமரா வெறும் கண்ணு."

"அப்போ எந்தக் காரிலும் மாட்டாத புதுக் கேமராவில கோடு வராதில்ல?"

"வரவே வராது." யோசிக்காமல் சொல்லிவிட்டார். கேள்வி கேட்கும் ஆளைப் பார்த்து அவருக்கு ரொம்ப நாளாகியிருந்தது.

அவள் கடை அலமாரியிலிருந்து உறை பிரிக்காத பெட்டி ஒன்றை எடுத்தாள். எதிர்க்கடை பேட்டரிக்காரர் சும்மாதான் இருந்தார். கூப்பிடுமுன்னே பேட்டரியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து, மேசைமேல் இருந்த திரையோடு இணைத்துக் கொடுத்தார். அவள் கேமராவைப் பின்கண்ணார் பக்கம் திருப்பினாள்.

தலையில் பச்சை, மார்பில் மஞ்சள், தொப்பையில் சிவப்பு. அங்கியில் தைத்திருந்த அவர் பெயரும் திரும்பித் தெரிந்தது.

கூட்டம் திரையை எட்டிப் பார்த்தது. பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "இவரை யார் தாய்வீட்டுக்கு அனுப்புறது?"

"அந்தம்மா கை பட்டு வந்த தோஷம்," என்றார் பின்கண்ணார்.

"அப்போ நானே எடுத்துடறேன்." நூல் வெட்டும் கத்தரியால் பச்சை வளையத்தை ஒரு வெட்டு. கோடுகள் மூன்றும் போயின. வெள்ளை வளையத்தை ஒரு வெட்டு. பெயர் நேரானது. "கண்டம் போச்சுங்க. கறுப்புத் துணிகூட வேண்டியதில்லை போலிருக்கு."

பிறகு காகிதத்தைப் பிரித்து உரக்கப் படித்தாள். "கோடுகள் வண்டிக்கும் தடைக்கும் உள்ள தூரத்தைக் காட்டும். சிவப்பு வந்தால் நிறுத்தவும். கோடு வேண்டாம் என்றால் பச்சையை வெட்டவும். பின்பக்கக் கேமராவில் படம் கண்ணாடியில்போல இடவலம் மாறியே தெரியும். முன்பக்கம் மாட்டுவதானால் மட்டும் வெள்ளையை வெட்டவும்."

முதலில் பேட்டரிக்காரர் சிரித்தார். பிறகு தெருவே சிரித்தது. பம்பர் நசுங்கியவர்கள் மட்டும் சிரிக்காமல் பட்டறையைப் பார்த்து நடந்தார்கள். மைத்துனர் ஷட்டரை இழுத்து மூடினார். பின்கண்ணார் தன் காரில் ஏறி ரிவர்ஸ் போட்டார். அவர் திரையில் மூன்று கோடுகளும் பத்திரமாக இருந்ததைப் பத்துப் பேர் எட்டிப் பார்த்தார்கள். எங்கும் இடிக்காமல் அழகாக வெளியேறினார்.

இத்தோடு முடிந்தது என்று அவள் நினைத்தபோது ஒரு பெரியவர் கைகட்டி முன்னால் வந்தார். "அம்மா, உங்க கை ராசியான கை. என் கேமராவையும் கொஞ்சம் தொட்டுக் குடுங்க."

அவள் சிரிப்பெல்லாம் வற்றிவிட்டது. காகிதத்தை அவர் கையில் வைத்தாள்.

வாத்தியார் தலைகுனிந்து பக்கத்தில் வந்தார். "இது நம்ம பெட்டியிலயா இருந்துச்சு?"

"எல்லார் பெட்டியிலயும் இருந்துச்சு."

"அவன் ஏன் இதைக் கிழிச்சுப் போடலை?"

"எதுக்குங்க? வாத்தியாரே படிக்காதப்போ அவனுக்கு என்ன பயம்? வாங்க, வீட்டுக்குப் போய் என் துணியை எடுத்த இடத்திலயே அடுக்குங்க."

அந்தக் காகிதம் பெட்டியோடு இலவசமாக வந்தது. மூளையும் நம் எல்லாருக்கும் அப்படி வந்ததுதான். மடிப்புக் கலையாமல் வைத்திருந்தால் விலை கூடும் என்று யாரோ நம்மிடம் சொல்லியிருக்கிறார்கள்.