உபகரணவாதியின் தொர்த்தியா

உலகத்தில் சமைக்கத் தெரிந்தவர்கள் உண்டு, தெரியாதவர்கள் உண்டு, அடுத்தவர் சமைத்ததைத் தின்றுவிட்டு உப்பு குறைவு என்று சொல்லத் தெரிந்தவர்கள் ஏராளமாக உண்டு. இந்த மூன்றிலும் அடங்காத நான்காவது இனம் ஒன்று இருக்கிறது. அதற்கு உபகரணவாதி என்று பெயர் வைத்திருக்கிறேன். இவர் சமைப்பவர் அல்ல. சமைக்கப் போகிறவர். நேற்றும் போகிறவராக இருந்தார், நாளையும் இருப்பார். இடையில் ஒரு சாமான் குறைகிறது, அவ்வளவுதான்.

உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். எங்கள் ஊரான ஹுவமான்ட்லாவில், என் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கமே இருக்கிறார்.

இந்த இனத்தை அடையாளம் காண்பது எளிது. கல்லிலிருந்து இறங்கிய சூடான தொர்த்தியா ஒன்றைக் கையில் கொடுத்துப் பாருங்கள். மனிதராகப் பிறந்தவர் அந்த மக்காச்சோள ரொட்டியில் ஒரு சிட்டிகை உப்பைத் தூவி, சுருட்டி, இரண்டு கடியில் முடித்துவிட்டு அடுத்ததற்குக் கை நீட்டுவார். உபகரணவாதி அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார், திருப்புவார், பழுப்புப் புள்ளிகளை ஆராய்வார், ஓரத்தை நெருடுவார், கடைசியில் கேட்பார்: "எந்தக் கல்லுல சுட்டது?" பதில் வருவதற்குள் ரொட்டி ஆறிப்போகும். கடித்துப் பார்த்துவிட்டு, "நெனச்சேன். கல்லு சரியில்ல" என்பார்.

என் பக்கத்து வீட்டுக்காரர் தோன் பாஸ்குவால், ஓய்வு பெற்ற நில அளவையாளர். என் மகளுக்கு ஞானத்தந்தை என்பதால் நாங்கள் ஒருவரையொருவர் கொம்பாத்ரே என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். ஐம்பத்தெட்டு வயது, கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று ஒருமுறை கேட்டேன். "சரியான வீடு அமையல" என்றார். பிறகு வீடு அமைந்தது. கூரை சரியாக அமையவில்லை.

இப்படிப்பட்டவர் வாழ்க்கையில் ஒதிலியா வந்தார். சதுக்கத்துக்குப் பக்கத்தில் நூல் கடை வைத்திருப்பவர், கணவரை இழந்து எட்டு வருடம் ஆனவர், தன் கடைக் கத்தரிக்கோலைவிடக் கூர்மையான நாக்குள்ளவர். ஒரு ஞானஸ்நான விருந்தில் தோன் பாஸ்குவால் வழக்கம்போல் பேசிக்கொண்டிருந்தார்: "பொம்பளைங்க கையில ஏதோ வித்தை இருக்குன்னு சொல்றதெல்லாம் சும்மா. சரியான சாதனம் இருந்தா, ஆம்பளை பக்கத்துல நின்னாலே தொர்த்தியா தன்னால வரும்."

எங்கள் ஊரில் ஒரு கேலி வழக்கம் உண்டு. ஒரு பெண் சுடும் தொர்த்தியா முதல்முறையாகக் கல்லில் பந்துபோல் உப்பினால், அத்தைமார் எல்லாரும் கூடி, "இவ கல்யாணத்துக்குத் தயார்" என்று அவள் முகம் சிவக்கும்வரை விடமாட்டார்கள். ஒதிலியா அந்தக் கேலியைத் தூக்கி அப்படியே தோன் பாஸ்குவால் தலையில் வைத்தார்.

"நீங்க எங்கிட்ட ரொம்ப நாளா ஏதோ கேக்கணும்னு கடைக்கு வந்து பட்டனா வாங்கிட்டுப் போறீங்க. உங்க கையால ஒரு தொர்த்தியா உப்பட்டும். அப்புறம் பேசலாம்."

கேட்டவர்கள் சிரித்தார்கள். தோன் பாஸ்குவால் சிரிக்கவில்லை. மறுநாள் காலை சாமான் வாங்கக் கிளம்பிவிட்டார்.

முதலில் அமுக்குப் பலகை. மாவு உருண்டையை நடுவில் வைத்துக் கைப்பிடியை அழுத்தினால் வட்டமாகிவிடும், வேறு வேலை அதற்கு இல்லை. இரும்பில் ஒன்று வாங்கினார். பிறகு கருவேல மரத்தில் ஒன்று.

"மரம் மூச்சு விடும், கொம்பாத்ரே."

"பலகை மூச்சு விட்டா நமக்கென்ன? மாவு அமுங்குதா?"

"நீங்க மேலோட்டமா பேசறீங்க" என்றார் வருத்தத்துடன்.

பிறகு மூன்று கால் அம்மி வந்தது. எரிமலைக் கல்லில் செதுக்கியது. நான்கு பேர் தூக்கிவந்து சமையலறையில் இறக்க, அவர் பழைய ரசமட்டத்தை எடுத்து அதன் சரிவை அளந்தார். சரிவு கொஞ்சம் அதிகம் என்று தெரிந்ததும் அம்மியில் துணியைப் போட்டு மூடிவிட்டு, கையால் சுற்றும் அரைவை இயந்திரம் ஒன்று வாங்கினார். மூலைக்கு ஒரு மாவு ஆலை இருக்கும் ஊரில் இது எதற்கு என்றால், ஆலையில் முந்தின ஆளுடைய சோளம் நம்முடையதில் கலந்துவிடுமாம். அவர் சொல்லாத காரணம் ஒன்றும் உண்டு. ஆலை வரிசையில் நிற்கும் பெண்கள் அடுத்தவர் வேகவைத்துக் கொண்டுவந்த சோள வாளிக்குள் கேட்காமலே கையை விடுவார்கள், ஒரு மணியை நசுக்கிப் பார்ப்பார்கள், வேகவில்லை, தோல் கழலவில்லை, நேற்றே ஊறவைத்திருக்க வேண்டும் என்று அங்கேயே தீர்ப்பு எழுதிவிடுவார்கள். உபகரணவாதிக்கு உலகத்தில் பிடிக்காதது இரண்டு: தரமற்ற சாமான், தரமான யோசனை.

கடைசியாகக் கல். தட்டையான மண் கல். மலையடிவாரத்துக் குயவரிடம் ஒன்று. தூரத்து வஹாகாவிலிருந்து பேருந்தில் கைக்குழந்தைபோல் மடியில் வைத்துக்கொண்டு வந்தது ஒன்று. இந்த இரண்டில் எது உடைந்தாலும் இருக்கட்டும் என்று ஒன்று. புது மண் கல்லை அப்படியே அடுப்பில் ஏற்ற முடியாது, மாவு ஒட்டிக்கொள்ளும். சுண்ணாம்பைக் கரைத்துப் பூசிப் பழக்க வேண்டும். எல்லாரும் ஒரு பூச்சு பூசுவார்கள். தோன் பாஸ்குவால் சூளையிலிருந்து நேராக வரவழைத்த சுண்ணாம்பில் மூன்று கல்லுக்கும் மூன்று மூன்று பூச்சு பூசினார். திருவிழாவுக்கு வெள்ளையடித்த கோயில் சுவர்போல் அவை வரிசையாகக் காய்ந்தன.

என் மனைவி நியேவெஸ் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "கொம்பாத்ரே, இதுவரைக்கும் ஒரு தொர்த்தியாவாவது சுட்டுப் பார்த்தீங்களா?"

"எல்லாம் தயாராகட்டும்னு இருக்கேன்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாம் தயாரானது. சாட்சிகளாக நானும் நியேவெஸும் அழைக்கப்பட்டோம். ஒதிலியா ஒரு பானை கறுப்புக் காராமணியோடு வந்தார்.

"நம்பிக்கை இல்லாம கொண்டாரல. பசிக்கும்னு கொண்டாந்தேன்."

தோன் பாஸ்குவால் புதுச் சட்டை போட்டிருந்தார். ஆனால் நேராக மாவுக்குப் போய்விடுவாரா? உபகரணவாதியின் வீட்டில் சாப்பாட்டுக்கு முன் கண்காட்சி உண்டு. பலகையின் கீலைத் திறந்து மூடிக் காட்டினார். அம்மியின் துணியை விலக்கி, மறுபடி போர்த்தினார். ரொட்டிகளை மூடிவைக்கும் பூத்தையல் துணியையும் கூடையையும் எடுத்து நீட்டினார்.

"இந்தக் கூடையைத் தொட்டுப் பாருங்க, தோன்யா ஒதிலியா. பின்னலைக் கவனிங்க."

"தொட்டாச்சு. இதுக்குள்ள போடறது எங்க?"

மாவு உருண்டை இரண்டு பிளாஸ்டிக் தாளுக்கு நடுவில் பலகையில் ஏறியது. அழுத்தினார். திறந்தார். பாதி மேல் பிளாஸ்டிக்கில் இருந்தது, பாதி கீழ் பிளாஸ்டிக்கில் இருந்தது.

"பிளாஸ்டிக் தடிமன்" என்றார். பிளாஸ்டிக்கை மாற்றினார். அடுத்த உருண்டை நாலு பக்கமும் வெடித்தது. இரும்பு ஆகாது என்று மரப் பலகைக்கு மாறினார். மரம் மூச்சு விட்டதோ என்னவோ, மாவு உயிரை விட்டது. ஒருவழியாக ஒரு வட்டத்தைத் துண்டு துண்டாகக் கல்லுக்குக் கொண்டுசேர்த்தார். அது அங்கே உடைந்த ஓடுபோல் கிடந்தது. உப்பவில்லை, ஒட்டவில்லை, எதுவுமே செய்யவில்லை. அவர் சட்டைப் பையிலிருந்து வெப்பமானியை எடுத்துக் கல்லின்மேல் நீட்டினார்.

"சூடு கச்சிதமா இருக்கு."

"இருக்கட்டும். ரொட்டி?" என்றார் ஒதிலியா.

கல்லை மாற்றினார். மறுபடியும் மாற்றினார். மூன்று கல்லும் ஒரே தீர்ப்பைச் சொல்லின. அவர் நெற்றி வேர்த்துவிட்டது. இந்த இடத்தில் கேலி செய்ய எனக்கும் மனம் வரவில்லை. ஒரு வருடமாகத் தேவையில்லாத பட்டன்களை வாங்கிக் குவித்த மனிதர் அவர்.

நியேவெஸ் மெதுவாக ஒரு கிள்ளு மாவை எடுத்து விரலில் தேய்த்தாள். உள்ளே சோளத்தின் தோல் கழலாமல் அப்படியே அரைபட்டிருந்தது. அதை ஒதிலியாவிடம் காட்டினாள். இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"தோன் பாஸ்குவால்," என்றார் ஒதிலியா, ரொம்பவும் மெதுவாக. "சோளம் வேகவைக்கும்போது சுண்ணாம்பு எவ்வளவு போட்டீங்க?"

அவர் சுண்ணாம்புப் பையைப் பார்த்தார். காலியாகி, அழகாக மடிக்கப்பட்டு, அதற்குரிய கொக்கியில் தொங்கியது. பிறகு வெள்ளைவெளேரென்று நின்ற மூன்று கல்லையும் பார்த்தார்.

"சுண்ணாம்பு கல்லுக்குப் போட்டேன்."

"சோளத்துக்கு?"

"கல்லுக்கு மூணு பூச்சு போட்டேன்."

சுண்ணாம்புத் தண்ணீரில் வெந்தால்தான் சோளத்தின் தோல் கழன்று மாவு சேர்ந்து பிடிக்கும். சுண்ணாம்பு போடாமல் வேகவைத்த சோளம் கோழிக்குத்தான் ஆகும், தொர்த்தியாவுக்கு ஆகாது என்பது எங்கள் ஊரில் கோழிக்கே தெரியும். ஆலைக்குப் போயிருந்தால் வரிசையில் முதல் பெண்ணே வாளியில் கையை விட்டுச் சொல்லியிருப்பாள்.

தோன் பாஸ்குவாலின் காதுகள் சிவந்துகொண்டே போயின. ஒதிலியா என் பக்கம் திரும்பினார். "மூணு மணிக்குத் தொர்த்தியாக் கடை சாத்திருவாங்க. ஒரு ஓட்டம் ஓடி ஒரு கிலோ வாங்கிட்டு வந்துருங்க. காராமணி ஆறுது."

ஓடினேன். வாங்கிவந்தேன். தோன் பாஸ்குவால் கடைத் தொர்த்தியா ஒன்றைச் சூடுபண்ண வஹாகாக் கல்லில் போட்டார். அது ஒரு மூச்சு யோசித்துவிட்டு, பந்துபோல் உப்பியது.

"தோன்யா ஒதிலியா. உப்புது. பாருங்க, உப்புது."

"மாவு யாரோடது?"

"கடையோடது."

"வட்டமாக்கினது?"

"கடை மெஷினு."

"அப்ப உங்களோடது என்ன?"

அவர் நிமிர்ந்தார். அரசாங்கத்துக்காக மலைகளை அளந்த காலத்துக் கம்பீரம் முகத்தில் திரும்பி வந்தது. "கல்லு என்னோடது."

நியேவெஸுக்குக் காப்பி புரையேறியது. ஒதிலியா சிரித்தார். வந்ததிலிருந்து அடக்கிவைத்திருந்ததையெல்லாம் சேர்த்துச் சிரித்தார். "சரி. அந்தக் கல்லைக் கட்டிக்கலாமான்னு யோசிக்கிறேன்."

போகும்போது வாசலில் நின்று சொன்னார். "அடுத்த ஞாயிறு எங்க வீட்டுக்கு வாங்க. கையை மட்டும் கொண்டாங்க. பலகை வேணாம், கல்லு வேணாம், மட்டம் வேணாம்."

அடுத்த ஞாயிறு அவர் வெறுங்கையோடுதான் புறப்பட்டார். சந்தேகப்பட்டு நியேவெஸ் அவரை வாசலில் நிறுத்தினாள். சட்டைப் பையிலிருந்து வெப்பமானி வந்தது.

"இது சும்மா, பேனா மாதிரி."

"இருக்கட்டும், இங்க இருக்கட்டும்."

சாயங்காலம் திரும்பி வந்தபோது விரல் நுனிகள் சிவந்து கொப்பளித்திருந்தன. ஒதிலியா கொடுத்த வாளியோடு ஆலை வரிசையில் நின்றாராம். நாலு பெண்கள் அவர் வாளியில் கையை விட்டார்களாம். முதலில் சுட்டதெல்லாம் வீட்டு நாய்க்குப் போனதாம்.

"கடைசியில உப்பிச்சு, கொம்பாத்ரே."

"எந்த மாதிரிக் கல்லு?"

அவர் யோசித்தார். "கவனிக்கல" என்றார்.

காதல் என்பது என்ன என்று அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் புரிந்தது. ஒதிலியா சம்மதித்துவிட்டார், ஆகஸ்ட் திருவிழாவுக்குள் மோதிரத்தோடு வரச் சொல்லியிருக்கிறார் என்றும் சொன்னார். மனிதர் திருந்திவிட்டார் என்று நினைத்தோம்.

திருந்துவதாவது. ஜூன் முழுக்கத் தங்கமா வெள்ளியா என்று ஆராய்ந்தார். ஜூலையில் நகைக்காரர்கள் கண்ணில் வைத்துப் பார்க்கும் பூதக்கண்ணாடி வந்தது. பிறகு விரல் அளவு பார்க்கும் வளையங்கள் ஒரு கொத்து வந்தன.

"அவங்க விரல் தினமும் கடையிலதான் இருக்கு, போய் அளந்துட்டு வாங்களேன்" என்றாள் நியேவெஸ்.

"அளக்கறதுக்கு முன்னாடி அளவுகோலைச் சரிபார்க்கணும்."

திருவிழாவுக்கு முந்தின நாள், தெருவில் பூக்கோலத்துக்கு வண்ண மரத்தூள் கொட்டிக்கொண்டிருந்தார்கள். ஒதிலியா அந்த வண்ணங்களை மிதிக்காமல் தாண்டித் தாண்டி வந்தார். எங்கள் எதிரிலேயே கடைப் பையிலிருந்து ஒரு நூலை உருவி, தன் விரலில் சுற்றி, கத்தரித்து, தோன் பாஸ்குவாலின் உள்ளங்கையில் வைத்தார்.

"இதான் அளவு. நகைக்கடை சாயங்காலம் வரைக்கும் திறந்திருக்கும். நீங்க போறீங்களா, இல்ல நானே போய் வாங்கிப் போட்டுக்கட்டுமா?"

அவர் நூலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"பருத்திதானே?" என்றார்.

"பாஸ்குவால்" என்றார் ஒதிலியா. தோன் என்ற மரியாதையை அவர் விட்டது அதுதான் முதல்முறை. மனிதர் ஓட்டமாக ஓடினார், பூக்கோலத்தின் நடுவிலேயே. மோதிரத்தோடு திரும்பிவந்தபோது அவர் செருப்பெல்லாம் ஊதாவும் மஞ்சளும். கல்யாணம் அடுத்த மாதம். விருந்துக்குத் தொர்த்தியா கடையில் சொல்லியாகிவிட்டது.

இதையெல்லாம் படித்துச் சிரித்தீர்களா? சந்தோஷம். சிரித்து முடித்ததும், உங்கள் வீட்டுப் பரணில் ஏறி ஒருமுறை பாருங்கள். பெட்டியிலிருந்து இன்னும் வெளியே வராத மாவு பிசையும் இயந்திரமோ, நாளை முதல் நடக்கலாம் என்று வாங்கி அங்கேயே உட்கார்ந்துவிட்ட காலணியோ, தந்தி அறுபடாத கிதாரோ அங்கே இருக்காது என்று நம்புகிறேன். உங்களைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

என்ன, இன்னும் உட்கார்ந்தே இருக்கிறீர்கள்? பரணில் ஏறுவதற்கு முதலில் ஒரு நல்ல ஏணி வாங்க வேண்டும் என்று யோசிக்கிறீர்களா?