பிச்சைமுத்துவின் பழைய பயணிகள்

எடை இயந்திரத்தின் மேல் நின்ற பிச்சைமுத்து மூச்சை இழுத்துப் பிடித்துப் பார்த்தார். எண் அசையவில்லை. தொண்ணூறு.

"போன மாசம் எம்பத்தெட்டு," என்றாள் மகள் துளசி. "நடக்கிறீங்களா, இல்ல எங்கயாச்சும் போயி உக்காந்துக்கிறீங்களாப்பா?"

"நடக்கத்தான் செய்றேன் லா. ஃபோனைப் பாரு."

ஃபோனும் சாட்சி சொன்னது. தினம் ஏழாயிரம் அடி. எட்டுக் கிலோ குறையாவிட்டால் சர்க்கரைக்கு ஊசிதான் என்று டாக்டர் சொன்னதிலிருந்து, துளசி சோற்றை அளந்து போட்டாள். "கொஞ்சம் கொறைச்சுச் சாப்பிடணும், கொஞ்சம் கூட நடக்கணும். ரெண்டும் ஒத்துப்போனா மெதுவா எறங்கும், எறங்கினது திரும்ப ஏறாது" என்பது அவள் கட்சி.

முப்பத்தோரு வருஷம் பினாங்கில் நகர பஸ் ஓட்டியவர் பிச்சைமுத்து. நடப்பது என்று ஆனதும் கால்கள் தாமாகவே பழைய பாதையைப் பிடித்தன. சுங்கை பினாங், டத்தோ கெராமாட் சாலை, கொம்தார். ஸ்டாப்புகள் பல இடம் மாறிவிட்டன. அவர் மட்டும் பழைய இடங்களில் நின்று நின்று போனார். இந்த முனையில்தான் பள்ளிப் பிள்ளைகள் ஈரத் தலையோடு ஓடிவரும். கண்ணாடியில் பார்த்துவிட்டுக் கதவை மூடாமல் காத்திருப்பார்.

இப்போது அந்த முனையில் ஆயிஷா என்ற பெண் நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோற்றைப் பொட்டலம் கட்டி விற்றுக்கொண்டிருந்தாள். நாற்பது வயதிருக்கும். பார்த்த மாத்திரத்தில் பிச்சைமுத்துவுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது.

"நீதானேம்மா, பெரிய பையைத் தூக்கிக்கிட்டு ஓடியாருவே? உனக்காக பஸ்ஸை நிறுத்தி வெச்சிருப்பேனே."

ஆயிஷா அவர் முகத்தையே சற்று நேரம் பார்த்தாள். "உக்காருங்க அங்கிள். பசியாறிட்டீங்களா?" என்றாள். காசு வாங்கவில்லை.

அன்போடு தருவதை எப்படித் தள்ளுவது? சாப்பிட்டதை எரிக்க இரண்டு ஸ்டாப் கூடுதலாக நடந்தார். அங்கே நாகூர் மீரானின் டீக்கடை இருந்தது. மீரானும் பழைய பயணிதான் என்று பிச்சைமுத்து கண்டுபிடித்தார். மீரான் மறுபேச்சில்லாமல் பரோட்டா மாதிரியான ரொட்டி சானாயும் தே தாரிக் டீயும் கொண்டுவந்து வைத்தார்.

அதைச் சரிக்கட்ட வீட்டில் ராத்திரிச் சாப்பாட்டை விட்டார். காலையில் பசி தாங்கவில்லை. ஆயிஷா கடையில் இரண்டு பொட்டலம் உள்ளே போயிற்று.

இனி மறைத்துப் பயனில்லை என்று ஒருநாள் வாய்திறந்தார். "போதும்மா. வீட்டுல மக எனக்குச் சோத்தை அளந்துதான் போடுறா. தெரிஞ்சா ஏசுவா."

ஆயிஷாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மறுநாளிலிருந்து அவித்த முட்டை ஒன்று கூடுதலாக வந்தது. மத்தியானத்துக்கென்று தனிப் பொட்டலமும் வந்தது.

எடை தொண்ணூற்றொன்று ஆன காலையில், அப்பாவிடம் விஷயத்தைக் கறந்துகொண்டு துளசியும் கூடவே கிளம்பினாள்.

"அவங்களை ஒண்ணும் சொல்லிடாத துளசி," என்றார் பிச்சைமுத்து வழியெல்லாம். "எல்லாம் நம்ம பஸ்ஸு ஆளுங்க. வேலைய விட்டப்ப, இனிமே நம்மள யாருக்கு ஞாபகம் இருக்கப் போகுதுன்னு நெனச்சேன். பாரு, ஒருத்தர்கூட மறக்கல."

துளசிக்குப் பாதிக் கோபம் அங்கேயே போய்விட்டது. ஓய்வு பெற்றபின் அப்பா இப்படி முகம் மலர்ந்து அவள் பார்த்ததில்லை. அதனால் கடையில் தன்மையாகவே பேசினாள்.

"அக்கா, நான் இவரோட மக. பழைய டிரைவர்னு நீங்க வெச்சிருக்கிற பாசம் புரியுது. ஆனா தினமும் சாப்பாடு குடுக்காதீங்க, ப்ளீஸ்."

பிச்சைமுத்து பெருமையோடு பக்கத்தில் நின்றார். ஆயிஷா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் துளசியை மேலும் கீழும் பார்த்தாள்.

"நான் தாசேக் கெலுகோர்ல பொறந்து வளந்தவ தங்கச்சி, இந்தப் பக்கம் வந்தே மூணு வருஷந்தான் ஆகுது, அங்கிள் பஸ்ஸை நான் கண்ணாலகூடப் பார்த்ததில்ல. வீட்டுல சோறு போடாம, பாவம், புத்தி தடுமாறி ரோட்டுல அலையிறாரேன்னுதான் நானும் மீரான் அண்ணனும் மாத்தி மாத்திப் பசியாத்திக்கிட்டு இருக்கோம்."