கடலுக்கு அடியில் ஒரு முள்ளம்பன்றி

கடலோரமாக இருந்த ஒரு காட்டில் முள்ளம்பன்றி ஒன்று இரண்டு குட்டி போட்டிருந்தது. மேட்டு மண்ணாகப் பார்த்து, நகம் தேயத் தோண்டிய வளை. எந்த மழைக்கும் அதில் தண்ணீர் ஏறியதில்லை.

ஒருநாள் நில அளவை நரியார் செயற்கைக்கோள் கருவியோடு வந்தார். வளை வாசலில் வைத்துப் பார்த்துவிட்டு, கடல் மட்டத்துக்கு எண்பது மீட்டர் கீழே என்று எழுதிக்கொண்டார். கடலுக்கு அடியில் உள்ளதெல்லாம் மீன்களுக்கே என்பது சிங்கராஜாவின் சட்டம். பௌர்ணமிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டுப் போனார்.

குட்டிகளுக்கு இன்னும் முள்கூடக் கெட்டிப்படவில்லை. முள்ளம்பன்றி ஆந்தையிடம் ஓடியது. கருவி பூமியை வழுவழுப்பான உருண்டையாக நினைத்து அளக்கிறது என்றது ஆந்தை. நம் பக்கம் பூமியின் ஈர்ப்பு கொஞ்சம் சோனி. அதனால் கடலே அந்தக் கற்பனை உருண்டைக்குத் தொண்ணூறு மீட்டர் கீழே கிடக்கிறது. உலக ஈர்ப்பு மாதிரியை வைத்து அந்தப் பள்ளத்தைக் கணக்கிட மென்பொருள் உண்டு. அதைச் சரிக்கட்டினால் வளை கடலுக்குப் பத்து மீட்டர் மேலே.

முள்ளம்பன்றி போய்ச் சொன்னபோது நரியார் இதை மறுக்கவில்லை. அந்த மென்பொருள் அவர் அலுவலகத்திலேயே இருந்தது. ராஜாவின் குகையும் முதலில் கடலுக்கு அடியில்தான் வந்ததாம். இதை ஓட்டித்தான் மேலே தூக்கினார்களாம்.

"அப்ப என் வளைக்கும் ஒரு தடவை ஓட்டிப் பாருங்களேன், ஐயா."

"உரிமம் ஒரு குகைக்குத்தாம்மா வாங்கியிருக்கு."

வழக்கமாக இந்த மாதிரிக் கதைகளில் உண்மை ஜெயிப்பது இந்த இடத்தில்தான். முள்ளம்பன்றியும் அதற்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்தது. நரியார் சாப்பிடப் போய்விட்டுத் திரும்பி வந்தார்.

"ஐயா, எண்பது மீட்டர் தண்ணிக்கு அடியில வருஷக்கணக்கா குடியிருக்கேன். இன்னும் சாகல. அப்ப நான் யாரு?"

நரியார் யோசித்தார். கருவியைச் சந்தேகப்பட அவருக்கு அதிகாரம் இல்லை.

"மீனு," என்றார்.

அன்றைக்கே மீன் சான்றிதழ் கிடைத்தது, குட்டிகளுக்கும் சேர்த்து. வளை பிழைத்தது.

அடுத்த வாரம் ஆந்தை மூச்சிரைக்க வந்தது. எங்கெங்கோ கெஞ்சி மென்பொருளை ஓட்டி, வளை கடலுக்குப் பத்து மீட்டர் மேலேதான் என்று அச்சடித்தே கொண்டுவந்திருந்தது. முள்ளம்பன்றி நாலு பக்கமும் பார்த்துவிட்டு அந்தத் தாளை வாங்கித் தின்றுவிட்டது. மீன் மேட்டில் குடியிருப்பது தெரிந்தால் சும்மா விடுவார்களா?

நீதி: கணக்கு தப்பென்று நிரூபிக்க அலையாதே, அந்தத் தப்புக்குள் உனக்கு ஓர் இடம் பிடித்துக்கொள்.