வெறும் வயிற்றில் கடல்பாசி

நிறையப் படிக்கிறவர்கள் இருக்கும் வீட்டில் நோயாளிக்கு இரட்டைத் துன்பம்: நோய் ஒன்று, அதைப் பற்றிப் படித்துவைத்திருப்பவர் மற்றொன்று. எங்கள் வீட்டில் அந்த மற்றொன்று நான்.

என் அண்ணன் (நாங்கள் ‘நானா’ என்போம்) வளைகுடாவில் கட்டட வேலை செய்து, பாதி ஆயுளை வெயிலுக்குக் கொடுத்துவிட்டுக் காரைக்காலுக்குத் திரும்பினார். இடக்காது மடலில் ஆறாத புண் ஒன்றும் கூடவே வந்தது. தோல் புற்று என்றார்கள். மடலின் ஓரத்தை வெட்டினால் போதும், ஆனால் தாமதிக்கக் கூடாது என்றார்கள்.

நான் படிக்க உட்கார்ந்தேன். கடற்பாசியிலிருந்து பிரித்தெடுத்த சில பொருள்கள் தோல் புற்று அணுக்களின் வளர்ச்சியை ஆய்வுக்கூடத்தில் தடுத்தன என்றது ஒரு கட்டுரை. ‘ஆய்வுக்கூடத்தில்’ என்ற சொல்லை என் கண் மரியாதையோடு தாண்டிச் சென்றது. நோன்பு திறக்க நாங்கள் காய்ச்சி உறையவைக்கும் கடல்பாசியும் அந்தப் பாசியிலிருந்து எடுப்பதுதானே! (மருந்தென்று தெரியாமல் இத்தனை காலம் ரோஸ் எசன்ஸ் ஊற்றித் தின்றிருக்கிறோம்.) அன்றுமுதல் மூன்று வேளையும் நானாவுக்கு அதுதான்.

அறுவை சிகிச்சையன்று வெறும் வயிற்றில் வரச் சொல்லியிருந்தார்கள். தடை உணவுக்குத்தானே, மருந்துக்கில்லையே என்று, பால் சேர்த்த கடல்பாசியைக் கிண்ணத்தில் நீட்டினேன்.

“வேணாம் புள்ள, திட்டப்போறாங்க.”

“பிஸ்மி சொல்லிச் சாப்பிடுங்க நானா. வெறும் வயித்துலதான் நல்லா வேலை செய்யும்.”

என்னை நம்பிச் சாப்பிட்டார்.

மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா கேட்டார்: “ஏதாவது சாப்பிட்டாரா?”

“ஒண்ணும் இல்லைங்க,” என்றேன் பெருமையாக. “கடல்பாசி மட்டும்தான். புற்றுக்கு.”

அவர் கையுறையைக் கழற்றினார். “மயக்கத்துல வாந்தி வந்து நுரையீரலுக்குப் போச்சுன்னா ஆளே மிஞ்ச மாட்டார். இன்னைக்கு முடியாதுங்க.”

நான் கட்டுரையைச் சொன்னேன்.

“லேப் தட்டுல வெச்சுப் புற்றைக் கொல்றது பெருசில்லைங்க. ஆளைக் கொல்லாம கொல்லணும். நீங்க கொடுத்ததுல அந்தச் சத்தும் இல்லை. இந்தக் கடல்பாசி மேலதான் நாங்க லேப்ல கிருமி வளர்க்கிறோம்.”

ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே நானா சொன்னார்: “அப்போ என் தங்கச்சி இத்தனை நாளும் புண்ணுக்குத்தான் சோறு போட்டிருக்கா.”

அடுத்த முறை வருவதற்குள் வாரங்கள் ஓடிவிட்டன. ஓரத்தை வெட்டினால் போதும் என்ற நிலை போய், பாதி மடல் போயிற்று. தாமதத்தாலா என்று நான் கேட்கவில்லை. டாக்டரம்மாவும் சொல்லவில்லை.

நானா நலமாக இருக்கிறார். மூக்குக்கண்ணாடிதான் அந்தப் பக்கம் நிற்பதில்லை. நாடா தைத்துக் கொடுத்திருக்கிறேன். நோன்பு திறக்கும் வேளையில் யாருக்காவது நான் வைத்தியம் சொல்லத் தொடங்கினால், வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் இடக்காதைப் பொத்திக்கொள்வார்கள். நானா மட்டும் பொத்துவதில்லை. தன் காதை என் பக்கம் திருப்பிக் காட்டுவார்.

“நீ சொல்லு புள்ள. இன்னும் பாதி பாக்கி இருக்கு.”